கண்ணாடியில் ஒரு வரி

ஜூன் 1, சனி

மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

“அரூர் பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்துகளுக்கு டைம் கீப்பராக வேலை பார்க்கும் தீர்த்தகிரி ஆகிய நான், என் மகள் சுகந்தி (வயது 26) காணாமல் போனதாக அச்சிட்டு ஒட்டிய ஸ்டிக்கர்கள் அனைத்தையும் முப்பது நாட்களுக்குள் என் கையால் அகற்றிவிடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.”

‘என் கையால்’ என்பது சுகந்தி சேர்க்கச் சொன்னது. “ஆள் வெச்சு எடுத்தா ஒத்துக்குவியாம்மா?” என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். “இல்ல மேடம், அவரு கையாலதான் எடுக்கணும்” என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. அவள் ஹாஸ்டல் தோழி ஒருத்தி கூட இருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அடித்தது 400. ஒட்டியது 362. நானே ஒட்டியதை எந்தக் கடை, எந்த வண்டி என்று ஒட்டும்போதே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். தொழில் பழக்கம். மழையில் ஊறக் கூடாது என்று காகிதத்தில் அடிக்காமல் வினைல் பிளாஸ்டிக்கில் அடித்தேன். ரெண்டு வருஷம் தாங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அதில் இருந்த ஒரு வரியால்தான் இவ்வளவும். பெற்றவன் பதற்றத்தில் ஒரு வார்த்தை கூடக்குறையப் போடுவது உலகத்தில் நடக்காததா?

ஜூன் 2, ஞாயிறு

ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள் எங்கள் தெருவை முடித்துவிடலாம் என்று காலை 5.30க்குக் கிளம்பினேன். முதலில் பால் பூத் கண்ணாடி. ஒட்டும்போது பத்து வினாடி ஆகியிருக்கும். எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தால் மேல்தோல் மட்டும் கிழிந்து வந்தது. நெற்றியும் ஒரு கன்னமும் போய், மீதி முகம் ஒரு கண்ணோடு கண்ணாடியிலேயே நின்றது. பிளேடால் சுரண்டினேன். பால் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் போனபோது, மிச்சமிருந்த பசையில் தூசி படிந்து கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. ஸ்டிக்கர் இருந்தபோதுகூட அவ்வளவு எடுப்பாக இல்லை.

இன்று நான்குதான்.

ஜூன் 3, திங்கள்

கச்சேரிமேட்டு மொபைல் கடையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் போட்டுத் தேய்த்தேன். பசை போயிற்று. கண்ணாடி முழுக்கக் கீறல். கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். “ஒட்டறப்பவும் கேக்கல, எடுக்கறப்பவும் கேக்கல. யார் ஊட்டுக் கண்ணாடிங்க இது?” என்றார். கேட்டது நியாயம்.

அங்கிருந்து நூர்ஜகான் அம்மாவின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவர் கடைக் கதவிலும் ஒன்று ஒட்டியிருந்தேன். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, பசைத் தடம்கூட இல்லை. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“வெயில் பட்டு கண்ணாடி சூடானப்புறம் எடுக்கணும். வெயில் படாத எடமா இருந்தா தலை காய வெக்கற டிரையரக் காட்டணும். ஓரத்தப் புடிச்சு மெதுவா இழுத்தா முழுசா வந்துடும். மிச்சப் பசைக்கு தேங்காண்ணையும் சோடா உப்பும் கொழைச்சுத் தடவி கால் மணி நேரம் உடணும். அப்புறம் பிளேடச் சாச்சுப் புடிச்சு ஒரே பக்கமா தள்ளணும். கடைசியா சோப்புத் தண்ணி.”

“எப்பம்மா எடுத்தீங்க?”

“நீங்க ஒட்டிட்டுப் போன அன்னிக்கே.”

நான் ஏன் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“உங்க பொண்ணு ரெண்டு மூணு வாட்டி இங்க வந்து பேசிட்டுப் போயிருக்குங்க. அதப் பத்தி அப்படி எழுதினத எங்கடையில வெச்சிக்க எனக்கு மனசு வரல.”

ஜூன் 5, புதன்

இன்றிலிருந்து வண்டிகள். ஒவ்வொரு வண்டியும் நிலையத்தில் ஆறு நிமிடம் நிற்கும். பின் கண்ணாடி வெயிலில் காய்ந்தே வருவதால் ஓரத்தைக் கிளப்பினால் வந்துவிடுகிறது. ஆறு நிமிடத்தில் ஒரு வண்டி. பசைக்கு அடுத்த நடையில் எண்ணெய். வண்டி புறப்படும் நேரச் சீட்டில் கையெழுத்துப் போடும் கையில் எண்ணெய் ஒட்டி எல்லாச் சீட்டும் பிசுபிசுத்தது.

திருப்பத்தூர் வண்டி டிரைவர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். “பொண்ணு கெடைச்சிருச்சாமேங்க. இப்ப தேவலையா? வைத்தியம் பாக்கறீங்களா?”

“பாக்கறோம்” என்றேன்.

ஜூன் 8, சனி

இன்று 31. மொத்தம் 118.

ஜூன் 9, ஞாயிறு

ஸ்டிக்கர் அடித்த ஜெயபாலின் கடைக்குப் போனேன். அவர் கடைக் கண்ணாடியிலும் இரண்டு இருக்கின்றன. எண்ணெய் தடவிவிட்டு, ஊறும்வரை பேசிக்கொண்டிருந்தேன். “நீ அந்த வரியைப் போடாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது ஜெயபால்” என்றேன். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

அவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டார். “என்னாண்ணே பேசறீங்க? காணவில்லைன்னு மட்டும் போட்டா போதும்னு நான் சொன்னனா இல்லையா? நீங்கதான பாக்கெட்லருந்து சீட்ட எடுத்துக் குடுத்து, ஒரு எழுத்து மாறாம அடின்னீங்க. அந்தச் சீட்டு இன்னும் எங்கிட்ட இருக்குது.”

எடுத்தும் காட்டினார். என் கையெழுத்துதான்.

இத்தனை நாள் இந்த நோட்டில் எழுதாமல் தாண்டிப் போனதை இப்போது எழுதுகிறேன்: “மனநிலை பாதிக்கப்பட்டவர். தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வார், நம்ப வேண்டாம். பிடித்து வைத்துக்கொண்டு தகவல் தரவும்.”

சுகந்திக்கு எந்தப் பாதிப்பும் கிடையாது. ரத்தப் பரிசோதனைப் படிப்பில் வகுப்பில் முதலாவதாக வந்தவள்.

வெறுமனே காணவில்லை என்று போட்டால் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்? ஓடிப்போன பெண் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அன்று அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 12, புதன்

பழைய ஆஸ்பத்திரித் தெருவில் வெயிலே படாத கண்ணாடிகள் பதினாறு. சுகந்தியின் டிரையர் அவள் அலமாரியில் இருக்கும் என்று எடுக்கப் போனேன். என் மனைவி இந்திராணி குறுக்கே வந்து நின்றாள்.

“அவ பொருளத் தொடாதீங்க.”

“அவ சொன்ன வேலையத்தான செய்யறேன்.”

“தொடாதீங்கன்னா தொடாதீங்க. அவகிட்டக் கேட்டு சொல்றேன்.”

“அவகிட்டயா? நீ பேசறியா?”

இந்திராணி அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். முப்பது வருஷமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாதவள், இன்று நேராகப் பார்த்துப் பேசினாள்.

“வாராவாரம் பேசறேன். போன மறுநாளே போன் பண்ணுச்சு. ஓசூர்ல வேலை, ஹாஸ்டல்ல எடம், நல்லா இருக்கேன்னு எல்லாமே சொல்லுச்சு. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா, நான் நாயா அலைஞ்சு முந்நூத்துச் சொச்சம் ஒட்டறப்ப சும்மாவா பாத்துகினு இருந்த?”

“சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க? போயி இழுத்துகினு வந்து மறுபடியும் பூட்டியிருப்பீங்க. மார்ச்சுல பதினோரு நாள் பூட்டி வெச்சீங்களே, அத்தோட சேத்து இன்னும் எத்தன நாளு?”

பூட்டியது அவள் பாதுகாப்புக்காகத்தான். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகனுக்கு அவளைக் கட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் ஓசூர் வேலைக்குப் போகிறேன் என்றாள். சாவி என் இடுப்பில் இருந்தது. சாப்பாட்டை இந்திராணி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் குளிக்கத் திறந்துவிட்டபோது பின்வாசல் வழியாகப் போனாள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இதில் எங்கே இடம்?

ஜூன் 13, வியாழன்

டிரையர் மேசைமேல் இருந்தது.

ஜூன் 17, திங்கள்

மொத்தம் 240. இன்று விடுப்புப் போட்டுவிட்டு ஓசூர் போனேன். அங்கே பத்தொன்பது. ஏப்ரலில் ஓசூர் வண்டி கண்டக்டர்களிடம் ஒரு கட்டுக் கொடுத்து ஒட்டச் சொல்லியிருந்தேன். எங்கெங்கே என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனேன்.

பெண்கள் ஹாஸ்டல் இருக்கும் தெருமுனையில் ஒரு பேக்கரி. கேக் வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் நம் ஸ்டிக்கர். நான் யாரென்று சொன்னதும் கடைக்காரர் நாகராஜ் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்களா! போன் பண்ணது நான்தான் சார். நாகராஜ். ஞாபகம் இருக்கா? நீங்க போன்லயே அழுதுட்டீங்க.”

ஞாபகம் இருக்கிறது. நீங்கள் நல்லா இருக்கணும் என்று அவரிடம் சொன்னேன்.

கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். “பன்னு வாங்க வந்துச்சு சார். ஸ்டிக்கரப் பாத்தேன், மொகத்தப் பாத்தேன். அதுவும் ஸ்டிக்கரப் பாத்துடுச்சு. ஓடப் பாத்துச்சு. நாலு பேரா சேந்து புடிச்சோம். எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, எங்கப்பா பொய் சொல்றாரு, பக்கத்து லேப்ல கேட்டுப் பாருங்கன்னு ஒரே கத்து. அப்படித்தான் சொல்லும், நம்ப வேணாம்னு நீங்கதான் போட்டிருந்தீங்களே. கைய துப்பட்டாவால கட்டி, அதோ அந்த நாற்காலில உக்கார வெச்சோம். ரெண்டு மணி நேரம். அப்புறம்தான் மனநலக் காப்பக வண்டி வந்துச்சு. இங்க பாருங்க, கடிச்ச தழும்பு. பாவம், நோய் அது, நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல. இப்ப எப்படி சார் இருக்கு?”

அவர் முகம் மலர நின்றார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் என்னைப் பரிவாகப் பார்த்தார்கள்.

“பரவால்ல” என்றேன்.

உள்ளே எரியும் பல்பின் சூட்டில் கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது. ஓரத்தைத் தொட்டதுமே ஸ்டிக்கர் கிழியாமல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. எண்ணெய்கூடத் தேவைப்படவில்லை. நாகராஜ் எனக்கு டீயும் பன்னும் கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

அந்த முழு ஸ்டிக்கரைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இதுவரை எடுத்ததெல்லாம் துண்டும் துணுக்குமாகவே வந்தன. முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டியிருந்ததில்லை.

அவள் கல்லூரிப் படம், அடையாள அட்டைப் படம், அக்கா வீட்டு விசேஷத்தில் எடுத்த படம் எல்லாம் போனில் இருந்தன. நான் தேர்ந்தெடுத்தது மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு டைபாய்டு வந்தபோது எடுத்தது. தலை வாராமல், உதடு வெடித்து, கண் உள்ளே போயிருக்கும். அந்த வரிக்கு அந்த முகம்தான் பொருந்தும் என்று எடுத்தேன். படத்தை எடுத்ததும் நான்தான். காய்ச்சல் இறங்காமல் டாக்டருக்கு அனுப்ப எடுத்தேன். ஒன்பது நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். படத்தின் ஓரத்தில் என் கையும் விழுந்திருந்தது. ஜெயபாலிடம் அதை வெட்டிவிடச் சொன்னேன்.

இன்று ஒன்றும் எடுக்கவில்லை.

ஜூன் 19, புதன்

மறுபடியும் ஓசூர். பேக்கரியில் கூட்டம் குறையட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றேன். குறைந்ததும் போகவில்லை. மறுபடி கூட்டம் சேர்ந்தது. 11.20க்குப் போனேன்.

“நாகராஜ், என் பொண்ணுக்கு எந்த நோயும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. வீட்டுல பூட்டி வெச்சிருந்தேன், தப்பிச்சு வந்துட்டா. ஆளுங்க புடிச்சுக் குடுக்கணும்னு பொய் எழுதி ஒட்டுனேன். அன்னிக்கு அவ சொன்னதெல்லாம் நெசம்.”

அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

“அப்ப நான் என்னா சார் பண்ணேன்?”

நானும் அந்த நாற்காலியைத்தான் பார்த்தேன்.

“சொல்லுங்க. கட்டிப் போட்டனே. தண்ணி கேட்டுச்சு, கைய அவுத்துட்டா ஓடிடும்னு நானே வாயில ஊத்துனேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார். ஊட்டுல அதுங்ககிட்ட நான் பெருமையா சொன்னேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு, “வாங்க” என்று முன்னால் நடந்தார். பத்துக் கடை தள்ளி அவள் வேலை பார்த்த லேப். காப்பகத்தில் மூன்று நாள், இரண்டு ஊசி. டாக்டர் வந்து பேசிப் பார்த்து, இவளுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பியபோது இங்கே வேலை போயிருந்தது. நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்றார்களாம்.

ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். நாகராஜ் நடுவில் நின்று, “இவரு ஒண்ணு சொல்லணுமாம்” என்றார். சொன்னேன். “சத்தமா சொல்லுங்க” என்றார். மறுபடியும் சொன்னேன். லேப் நடத்தும் அம்மா அதை எழுதித் தரச் சொன்னார். நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் நாகராஜ், “இனிமே எங்கடைப் பக்கம் வராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 21, வெள்ளி

திருப்பத்தூர் வண்டி டிரைவரிடம் சொன்னேன். “அன்னிக்கு வைத்தியம் பாக்கறோம்னு சொன்னது பொய். அவளுக்கு ஒண்ணும் இல்ல.” அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். சீட்டை நீட்டியபோது வாங்கினார், முகத்தைப் பார்க்கவில்லை.

பசையை எடுத்துவிடலாம். படித்தவர்கள் மனதில் இருப்பதற்கு எண்ணெய் கிடையாது. ஆகவே எடுத்த இடங்களுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இன்று பால் பூத், மொபைல் கடை, பழைய ஆஸ்பத்திரித் தெரு. சிலர் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். மொபைல் கடைக்காரரின் மனைவி காறித் துப்பினாள். என் மேல் அல்ல, தரையில்.

ஜூன் 22, சனி

அக்கா போன் செய்தாள். “கடை கடையா ஏறி நீயே சொல்லிகினு திரியறியாமே. புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?”

ஜூன் 23, ஞாயிறு

இந்திராணி சுகந்தியைப் பார்க்கப் போகிறேன் என்றாள். இதுவரை அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை. நான் ஏறவிட்டதில்லை என்பதுதான் சரி. எந்த வண்டி என்று கேட்டாள். 9.15 என்றேன். நான் ஏற்றிவிட வேண்டாம் என்றாள்.

ஜூன் 26, புதன்

இந்திராணி வந்துவிட்டாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “தூங்கறப்ப லைட்ட அணைக்கறதில்ல” என்றாள்.

மொத்தம் 349.

ஜூலை 1, திங்கள்

10 மணிக்கு மகளிர் காவல் நிலையத்தில் இருந்தேன். 355 எடுத்துவிட்டேன். ஏழு கிடைக்கவில்லை. இரண்டு வண்டிகளை வெளியூருக்கு விற்றுவிட்டார்கள். ஒரு ஆட்டோ, இரண்டு லாரி எங்கே ஓடுகின்றன என்று தெரியவில்லை. மீதி இரண்டில் ஒன்றை நூர்ஜகான் அம்மா எடுத்தார், இன்னொன்றை யாரோ எடுத்திருக்கிறார்கள், ஆனால் நான் எடுக்கவில்லை. இதை மறைக்காமல் சொன்னேன்.

எஸ்.ஐ. அம்மா சுகந்தியிடம், “என்னம்மா, முடிச்சுக்கலாமா?” என்று கேட்டார்.

“முடிச்சுக்கலாம் மேடம். கெடைக்காதத மட்டும் அவரு தேடிகினே இருக்கட்டும்.”

“சரி” என்றேன்.

முதல்முறையாக என்னைப் பார்த்தாள். மெலிந்திருக்கிறாள். “நாகராஜண்ணன் வந்து அழுதாரு. லேப்ல திரும்பக் கூப்ட்டாங்க. நான் போகல.”

“ஏம்மா? எழுதிக் குடுத்தேனே.”

“படிச்சாங்க. இப்ப எல்லாரும் எங்கிட்ட ரொம்ப மெதுவா பேசறாங்க, ஒடைஞ்ச பொருள் மாதிரி. வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. எந்த ஊருன்னு கேக்காதீங்க. அம்மாகிட்டயும் கேக்காதீங்க.”

“கேக்க மாட்டேன்.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். “அந்தப் போட்டோவுல என் கையும் இருந்துச்சு” என்றுதான் வாயில் வந்தது.

“தெரியும்” என்றாள். “எங்கிட்டயும் அது இருக்கு. வெட்டாதது.” எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் பேருந்து நிலையத்தில் வேலையில் இருந்தேன். சுகந்தியும் இந்திராணியும் ஒரு பெட்டியோடு வந்தார்கள். எங்கே போவதென்றாலும் இங்கே வந்துதானே ஏற வேண்டும். நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே என் கண் முன்னால் ஒரு வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அந்த வண்டிக்கு நேரமாகிவிட்டது. இந்திராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சீட்டைக் கொடுத்து விசில் ஊதினேன். வண்டி என்னைக் கடந்தபோது அவள் திரும்பவில்லை. திரும்புவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இருபத்தொன்பது வருஷத்தில் நான் அனுப்பிய ஒவ்வொரு வண்டிக்கும் ஊரும் நேரமும் எழுதியிருக்கிறேன். இன்று அவள் போனது எந்த ஊர் வண்டி, எத்தனை மணி வண்டி என்பதை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.